இயந்திரத்துக்குத் தேய்மானம் உண்டு; உழைக்கும் கைக்கு?

ஒரகடம் கூட்டுச் சாலையில் அதிகாலை நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமாயிருக்கும். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையிலும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலையிலும் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாக இளைஞரும் இளம் பெண்களும் ஏறிக்கொள்கிறார்கள். பேருந்துகள் போன பிறகு ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தால், திண்ணையிலும் டீக்கடை வாசலிலும் மீதியிருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களே. பேருந்தில் ஏறியவர்களுக்கு வயது இருபது. வழியனுப்பியவர்களுக்கு வயது அறுபது. இந்த இருபதும் ஒரு நாள் அறுபதாகும் என்பதை நாம் எப்போதாவது எண்ணிப் பார்த்தோமா?

எங்கள் பாட்டனார் காலத்தில் இப்பகுதி ஏரியும் நெல்வயலுமாக இருந்தது என்பார்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் செய்யத் தொடங்கியது. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ - நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் வந்தன. இவற்றுள் காரும் லாரியும் செய்கின்ற ஆலைகளில் மனிதக் கைகளோடு இயந்திரக் கைகளும் சேர்ந்து உழைக்கின்றன. ரோபோ என்று சொல்லப்படும் அந்தக் கைகள் தகடுகளைப் பற்றவைக்கின்றன, வண்ணம் தெளிக்கின்றன, கனமான பாகங்களைத் தூக்கி வைக்கின்றன. அவற்றுக்குக் களைப்பில்லை, பசியில்லை, இரவு பகல் என்ற பேதமும் இல்லை.

இந்தக் கட்டுரை எங்கள் வகுப்பில் எழுந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் தேய்மானம் என்றொரு பாடம் உண்டு. பத்து லட்சம் ரூபாய்க்கு ஓர் இயந்திரம் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது பத்தாண்டு உழைக்கும். அதன் பின் பழைய இரும்பாக ஒரு லட்சத்துக்கு விலைபோகும். ஆக, ஒன்பது லட்சம் பத்தாண்டில் தேய்கிறது. ஆண்டொன்றுக்கு 90,000 ரூபாய். அந்தத் தொகையை ஒவ்வோர் ஆண்டும் செலவாக எழுதி இலாபத்திலிருந்து கழிக்க வேண்டும். அப்படிச் செய்யாத கணக்கு பொய்க் கணக்கு என்று எங்கள் சிஸ்டர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள். அப்போது ஒரு தோழி எழுந்து, "சிஸ்டர், இயந்திரம் தேய்வதற்குக் கணக்கு எழுதுகிறார்கள். அதன் பக்கத்தில் நின்று வேலை செய்த ஆள் தேய்வதற்கு எந்த ஏட்டில் கணக்கு எழுதுகிறார்கள்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "அதையே எழுதிக்கொண்டு வாருங்கள், ஆண்டு மலருக்கு ஆகும்" என்றார்கள். எழுத உட்கார்ந்தபோதுதான் அக்கேள்வி எத்தனை பெரியது என்று எங்களுக்கு விளங்கிற்று.

முதலில் நம் மாநிலத்தின் வயதைப் பார்ப்போம். 2021-இல் தமிழ்நாட்டு மக்களுள் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 13.6 பேர் என்றும், 2031-இல் அது 18.2 ஆகும் என்றும் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை கணித்திருக்கிறது. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் மிகுந்த பெரிய மாநிலம் நம்முடையதே. மற்றொரு பக்கம், ஒரு தாய் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 2020-இல் 1.4 ஆகக் குறைந்துவிட்டது. மக்கள்தொகை குறையாமல் நிலைத்திருக்க அது 2.1 இருக்க வேண்டும். நாங்கள் நாற்பது பேர் உள்ள வகுப்பில் கணக்கெடுத்துப் பார்த்தோம். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உள்ள வீடு அபூர்வம். எங்கள் பாட்டிமாருக்கோ ஐந்தும் ஆறும் உடன்பிறப்புகள். அன்று ஒரு தாய்க்குச் சோறு போட ஆறு கைகள் இருந்தன. நாளை எங்கள் பெற்றோருக்கு ஒன்றோ இரண்டோதான்.

கைகள் குறையும் நாட்டில்தான் இயந்திரக் கைகள் பெருகுகின்றன என்பது உலக அனுபவம். ரோபோ என்ற சொல்லை உலகுக்குத் தந்தது செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய ஒரு நாடகம். கட்டாய ஊழியம் என்ற பொருள் தரும் செக் மொழிச் சொல்லிலிருந்து அது பிறந்தது. 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில் யூனிமேட் என்ற முதல் தொழிலக ரோபோ வேலைக்கு வந்தது. 1969-இல் ஜப்பானின் கவாசாக்கி நிறுவனம் அதே வகை ரோபோவைத் தன் நாட்டில் செய்யத் தொடங்கியது. இன்று ஜப்பானில் நூற்றுக்கு ஏறக்குறைய 29 பேர் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். தென்கொரியாவிலோ 2023-இல் பிறப்பு விகிதம் 0.72, அதே ஆண்டில் பத்தாயிரம் ஆலைத் தொழிலாளருக்கு 1,012 ரோபோக்கள் என்ற கணக்கில் அந்நாடு உலகிலேயே முதலிடத்தில் இருந்தது. முதுமை அடையும் நாடுகளே ரோபோக்களை விரைந்து ஏற்கின்றன என்று டேரன் அசெமோக்லு, பாஸ்குவல் ரெஸ்ட்ரெப்போ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2022-இல் வெளியான ஆய்வில் விளக்கியிருக்கிறார்கள். நடுவயதுத் தொழிலாளர் குறைந்தால் ஆலை அதிபர் இயந்திரத்தைத் தேடுகிறார், அதுவே காரணம்.

நம் சாலையோரத்து ஆலைகளைக் கட்டியவர்கள் கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தவர்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். முதியோர் மிகுந்த வீட்டில் பிறந்த இயந்திரம் இளைஞர் மிகுந்த ஊருக்கு வந்திருக்கிறது. நாமும் அதே முதுமையை நோக்கித்தான் நடக்கிறோம் என்பதால், அது நமக்கு வேண்டாத விருந்தாளி என்று சொல்லிவிட முடியாது.

நாங்கள் இயந்திரத்துக்கு எதிரிகள் அல்லர். பற்றவைப்புப் பொறியையும் பெயிண்ட் நெடியையும் இருபதாண்டு தாங்கிய கண்ணும் நுரையீரலும் என்ன ஆகும் என்பதை இப்பகுதிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வேலையை ஓர் இரும்புக் கை ஏற்றுக்கொண்டால் இறைவனுக்கு நன்றி சொல்லலாம். பாரத்தை இயந்திரம் தூக்கினால் ஐம்பது வயதுத் தந்தையும் இன்னும் பத்தாண்டு வேலையில் நிலைக்கலாம். ஆண்பிள்ளை மட்டுமே செய்யக்கூடியது என்று ஒதுக்கப்பட்ட வேலையை ஒரு பெண்ணும் செய்யலாம். குறைந்த கைகளால் நிறைந்த செல்வத்தை விளைவிக்கலாம். உழைப்போர் சிலராகவும் உண்போர் பலராகவும் ஆகப்போகும் சமுதாயத்துக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்தச் செல்வம் முதியவரின் தட்டுக்கு எப்படி வந்து சேரும்? இதுவே எங்கள் கேள்வி. ஒரு மகன் சம்பாதித்தால் மாதம் பிறந்ததும் தாயின் கையில் ஏதேனும் கொடுப்பான். அவன் சம்பளத்திலிருந்து வருங்கால வைப்பு நிதிக்கும் பிடிப்பார்கள். ரோபோவுக்குத் தாயும் இல்லை. வைப்பு நிதிக் கணக்கும் இல்லை. அது ஈட்டுவதெல்லாம் அதன் உடைமையாளருக்கே. ஆகவே வழி ஒன்று வெட்டிவிடாவிட்டால், ஏரி நிறைந்திருந்தும் கடைமடை வயல் காய்வதுபோல, நாடு செழித்திருந்தும் முதியோர் வாடுவர்.

இயந்திரங்களை நமக்கு அனுப்பிய நாடுகள் இதை உணர்ந்திருந்தன. முதியோரின் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே ஜெர்மனி 1995-இல் தனிக் காப்பீட்டைத் தொடங்கியது. ஜப்பான் 2000 ஏப்ரலில் தொடங்கியது. அங்கே நாற்பது வயதானவுடன் அனைவரும் அதற்குத் தவணை செலுத்த வேண்டும். தென்கொரியா 2008-இல் தொடங்கியது. இந்நாடுகள் ரோபோவை மட்டும் நம்பியிருக்கவில்லை. முதுமைக்கென்று ஓர் உண்டியலையும் வைத்தன. நாம் இயந்திரத்தை இறக்குமதி செய்துகொண்டோம். அந்த உண்டியலையும் சேர்த்து இறக்குமதி செய்தோமா?

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்வது நன்றிகெட்ட பேச்சாகும். தமிழ்நாட்டு அரசு ஆதரவற்ற முதியோருக்கு வழங்கும் மாத உதவித்தொகை 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதை வாங்கி மாத்திரைக்குச் செலவழிக்கும் பாட்டிமாரை நாங்கள் அறிவோம். ஆலைத் தொழிலாளருக்கு 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. 2014 முதல் அதன் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். ஆனால் அந்த ஓய்வூதியம் கிடைக்கப் பத்தாண்டுப் பணி நிறைவு பெற்றிருக்க வேண்டும். இந்த ஒரு வரிக்குள்தான் நம் பகுதிப் பெண்களின் கதை அடங்கியிருக்கிறது.

எங்களுள் ஒருத்தியின் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு மின்னணுப் பொருள் ஆலையில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் நின்றபடியே வேலை. தம்பியின் படிப்பும் வீட்டுக் கூரையும் அந்தச் சம்பளத்தில் நிமிர்ந்தன. பிறகு ஒப்பந்தம் முடிந்தது, திருமணமும் ஆயிற்று. வைப்பு நிதியில் இருந்ததையும் ஓய்வூதியக் கணக்கில் இருந்ததையும் எடுத்தார். அது சீர்வரிசையோடு செலவாயிற்று. பத்தாண்டுக்கு முன் விலகுகிறவர் பணத்தை எடுத்துவிடாமல் திட்டச் சான்றிதழ் பெற்று வைத்தால், பின்னொரு நாள் வேறு வேலைக்குப் போகும்போது பழைய ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிடலாம். இதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. இன்று அவருக்கு வயது இருபத்து நான்கு. அவர் நின்ற இடத்தில் ஓர் இயந்திரம் நின்றிருந்தால், அதன் நான்காண்டுத் தேய்மானம் கணக்கில் ஏறியிருக்கும். அவருடைய நான்கு ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதியோருக்குப் பணம் மட்டும் போதாது. பக்கத்தில் ஆள் வேண்டும். ஜப்பானில் ஷிபாதா தகனோரி என்ற அறிஞர் பாரோ என்ற ரோபோவைச் செய்தார். வெண்மையான கடல்நாய்க் குட்டியின் உருவம். தடவிக் கொடுத்தால் குரல் கொடுக்கும். மறதி நோயுற்ற முதியோருக்கு அது ஆறுதல் தருகிறது என்று பல முதியோர் இல்லங்களில் வைத்திருக்கிறார்கள். ஆறுதல் எந்த வடிவில் வந்தாலும் நாங்கள் இகழ மாட்டோம். ஆயினும், ரோபோக்களின் தாயகம் போன்ற அந்த ஜப்பானே 2019 ஏப்ரலில் வெளிநாட்டுத் தொழிலாளருக்குப் புதிய விசாவைத் திறந்தபோது, அதில் இடம்பெற்ற வேலைகளுள் முதியோர் பராமரிப்பும் ஒன்று. காரைப் பற்றவைக்க இயந்திரம் கிடைத்தது. கிழவரைக் குளிப்பாட்டி உடுத்தி உட்கார வைக்க மனிதக் கை தேவைப்பட்டது.

நம் வீடுகளில் அந்தக் கை யாருடையது? பெரும்பாலும் தாயுடையது, தாய்க்கு முடியாவிட்டால் மகளுடையது. பாட்டி படுக்கையில் விழுந்தால், "ஒருத்தியாவது வீட்டில் இருக்க வேண்டுமே" என்கிறார்கள். அந்த ஒருத்தி அண்ணனாக இருப்பதில்லை. பெற்றோரைப் போற்றும்படி நமக்குக் கற்பிக்கும் நான்காம் கட்டளை, ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. பாட்டிக்குத் தொண்டு செய்வதை நாங்கள் பாரமாக எண்ணவில்லை. ஆனால் ஒரு சமுதாயம் முழுவதும் முதுமை அடையும்போது அதன் சுமை முழுவதையும் பள்ளிப் பெண்களின் புத்தகப் பையின் மேல் ஏற்றிவைப்பது நீதியா?

திருச்சபை இக்கேள்விக்குப் புதிதன்று. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ரேரும் நோவாரும் என்ற சுற்றுமடலில் ஆலைத் தொழிலாளரின் உரிமைகளைப் பேசினார். 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் லபோரெம் எக்ஸெர்சென்ஸ் என்ற சுற்றுமடலில், மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்றும், கருவிகள் மனிதருக்காகவே இருக்கின்றன என்றும் விளக்கினார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, செயற்கை நுண்ணறிவின் காலத்தில் மனித மாண்பையும் உழைப்பையும் காக்கும் கடமையை எண்ணியே முந்தைய லியோவின் பெயரை ஏற்றதாகக் கூறினார். செயலிலும் நமக்கு முன்மாதிரி உண்டு. 1839-இல் பிரான்ஸ் நாட்டில் புனித ழான் ஜுகான் பார்வையிழந்த ஒரு மூதாட்டியைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்து தம் படுக்கையையே கொடுத்தார். அவர் தொடங்கிய ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையினர் இன்று நம் சென்னையிலும் முதியோரைப் பேணி வருகிறார்கள்.

சிலர் மறுத்துரைக்கலாம். "இங்கே ஆள் குறைந்தால் வடமாநிலங்களிலிருந்து இளைஞர் வருகிறார்களே; கவலை என்ன?" என்பர். உண்மைதான், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த சகோதரர்களை ஒரகடம் கடைத்தெருவில் தினமும் காண்கிறோம். அவர்களுக்கும் ஊரில் வயதான தாய் தந்தை உண்டன்றோ? ஒருவர் வீட்டுப் பிள்ளையை எடுத்து இன்னொருவர் முதுமைக்கு முட்டுக் கொடுப்பது நிலையான தீர்வாகாது. "முதியோருக்காகக் கேட்டால் கம்பெனிகள் வேறு மாநிலத்துக்குப் போய்விடும்" என்று வேறு சிலர் அஞ்சுவர். ஜெர்மனியும் கொரியாவும் தம் ஆலைகளிடம் கேட்டே வாங்கின. அங்குள்ள ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆகவே எங்கள் எளிய கருத்துகளைப் பெரியோர் முன் வைக்கிறோம். இயந்திரத் தேய்மானத்தை இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. அதாவது இயந்திரத்தின் முதுமைக்கு நாடே துணை நிற்கிறது. புதிய ஆலைகளுக்கு மாநில அரசும் பல சலுகைகளை அளிக்கிறது. அச்சலுகைகளைப் பெறும் ஆலைகள், தாம் நிறுவும் தானியங்கி இயந்திரங்களின் அளவுக்கேற்ப ஒரு சிறு பங்கை முதியோர் பராமரிப்பு நிதிக்குத் தர வேண்டும் என்று விதிக்கலாம். இரண்டாவதாக, ஒப்பந்தப் பணியிலிருந்து விலகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் திட்டச் சான்றிதழைப் பற்றித் தமிழில் எடுத்துச் சொல்லி, அதைக் கையில் கொடுத்த பின்னரே கணக்கை முடிக்க வேண்டும். மூன்றாவதாக, வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு 2024 ஆகஸ்டில் திறந்தது. மனம் வைத்தால் கட்ட முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்தது. அவ்வாறே தொழிற்பேட்டை ஊர்களில் முதியோருக்கான பகல்நேரக் காப்பகங்களும் வரட்டும்.

தோழியரே, நமக்கும் ஒரு கடமை உண்டு. இயந்திரத்துக்குத் தீனி போடும் வேலையோடு நாம் நின்றுவிடலாகாது. அதை இயக்கவும் பழுது பார்க்கவும் கற்க வேண்டும். 2023 முதல் தமிழ்நாட்டின் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் புதிய தொழில்நுட்பக் கூடங்கள் பெற்றன. அங்கே ரோபோக்களை இயக்கும் பயிற்சியும் உண்டு. அது ஆண்பிள்ளைப் படிப்பு என்று பெற்றோர் தயங்க வேண்டாம். வேலைக்குச் செல்லும் அக்காமாரிடம் இன்றே சென்று, "உங்கள் ஓய்வூதியக் கணக்கு எத்தனை ஆண்டு ஆயிற்று?" என்று கேளுங்கள். பலருக்குத் தெரிந்திருக்காது. விடுமுறையில் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.

எங்கள் கணக்குப் பாடத்தில் ஒரு விதியைக் கற்றோம்: தேய்வதை மறைத்துக் காட்டும் இலாபம் உண்மையான இலாபம் ஆகாது. நாட்டுக்கும் அதுவே விதி என்று நம்புகிறோம். இயந்திரங்களைப் படைக்கும் அறிவை மனிதருக்குத் தந்த இறைவன், அவற்றின் பயனை நம் பாட்டிமாருக்கும், நாளை பாட்டியாகப்போகும் நமக்கும் பகிர்ந்தளிக்கும் நெஞ்சையும் தந்தருள்வாராக.

பதினோராம் வகுப்பு, வணிகவியல் பிரிவு மாணவியர்